அமாவாசைக்குக் கல்வராயன் மலை ஏறினோம்

நட்சத்திரத்தைப் படமெடுக்கிறவனுக்கும் புரோகிதருக்கும் அமாவாசைதான் சீசன். நிலா இருந்தால் எனக்குப் பிழைப்பு இல்லை. பிழைப்பு என்று சொல்வதுகூடப் பேச்சுக்குத்தான். அம்பத்தூரில் ஒரு சரக்குக் கிடங்கில் பார்க்கிற சூப்பர்வைசர் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. கேமரா அந்தச் சோற்றில் பாதியைத் தின்கிறது.

செய்கிற காரியம் எளிது. கேமராவை முக்காலியில் நிறுத்தி வடக்கே பார்க்க வைத்து, ஷட்டரை மூடாமல் ஒரு மணி நேரம் திறந்தே விட்டுவிட வேண்டும். பூமி சுற்றுகிற சுற்றில் ஒவ்வொரு நட்சத்திரமும் படத்தில் ஒரு கோடு இழுத்துவிடும். துருவ நட்சத்திரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்க, மற்றதெல்லாம் அதைச் சுற்றி வட்டம் வட்டமாக ஓடியிருக்கும். ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் நான் எடுத்த படங்கள் எங்கள் வீட்டில் காலண்டருக்குக்கூட ஆணி விடாமல் சுவரை அடைத்துக்கொண்டிருக்கின்றன. என் மனைவி சுமதி அவற்றைத் தோசை என்பாள். "இந்த மாசம் எங்க தோசை சுடப் போறீங்க?" என்றுதான் கேட்பாள்.

இந்த மாசம் கல்வராயன் மலை. கூடவே மகள் கயல். நாலாம் வகுப்பு, அரையாண்டு லீவு.

வீட்டில் சொன்ன காரணம் படம். சொல்லாத காரணம் கயலின் கண். கொஞ்ச நாளாகவே விளக்கு வைக்கிற நேரம் ஆனால் பிள்ளை நாற்காலியில் இடித்துக்கொள்கிறாள். தியேட்டரில் விளக்கு அணைந்ததும் என் சட்டையைப் பிடித்தால் இடைவேளை வரைக்கும் விடுவதில்லை. பக்கத்துத் தெருக் கண் டாக்டர் எழுத்தெல்லாம் படிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்றார். இருட்டில்தான் தடுமாறுகிறாள் என்று சுமதி சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார். சுமதி என் மாமன் மகள். ஆமாம் என்றதும் பேனாவைத் திறந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

பொங்கல் கழியட்டும் என்று அதைத் தள்ளிப்போட்டவன் நான்தான். கல்வராயன் மலை இருட்டில் நிறுத்தி மேலே பார்க்கச் சொல்வது, பிள்ளை நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டால் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பயந்தவன் போடுகிற கணக்கு அப்படித்தான் இருக்கும்.

அமாவாசை நெருங்கும்போது இந்தப் பக்கம் பஸ் ஏறக் கூடாது என்கிற பாலபாடத்தை மறந்துபோனேன். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் முந்தின நாளே கிளம்பிவிட்டது. சிவப்புச் சேலையும் மஞ்சள் சேலையும் எலுமிச்சம்பழப் பையுமாக பஸ் ஸ்டாண்டே அடைந்து கிடந்தது. திண்டிவனம் வரைக்கும் கயலுக்கு மட்டும் ஓர் அம்மாள் மடியில் இடம் கிடைத்தது. நான் முக்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆத்தாளுக்கு நேர்ந்துக்கினதா தம்பி, இரும்புல இன்னா அது, சூலமா?" என்று அந்த அம்மாள் கேட்டார். கேமரா வைக்கிற முக்காலி என்றேன். நம்பாமல் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சின்னசேலத்தில் இறங்கி நைனார்பாளையம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சுமதியின் பிறந்த வீடு அங்கேதான். இப்போது அங்கே இருப்பது அவளுடைய அண்ணன் ஏழுமலையும் அவர் மனைவியும்தான். ஏழுமலை மச்சானுக்குச் சின்ன வயதிலேயே மாலைக்கண். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். மாமனார் வாராவாரம் ஆட்டு ஈரல் வாங்கி வருவார். பொன்னாங்கண்ணியும் பப்பாளியுமாக அவரைத் தின்னவைத்தே வளர்த்தார்கள். முப்பது வயதுக்கு மேல் பகல் வெளிச்சமும் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது நிழல் மட்டும்தான் தெரிகிறது. நாங்கள் போனபோது மக்காச்சோளக் கதிரை மடியில் வைத்து உதிர்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணிகூடத் தரையில் சிந்தவில்லை.

ராத்திரி நாட்டுக்கோழிக் குழம்பு. அம்பத்தூரில் நாங்கள் சாப்பிடுகிற கோழியைக் கோழி என்று சொல்வதற்கே வெட்கப்பட வைக்கிற குழம்பு. மச்சானின் மனைவி சட்டியைத் துழாவி ஈரலாகப் பொறுக்கி எடுத்து, ஒன்றுவிடாமல் கயல் தட்டில் வைத்தார். "தின்னு பாப்பா, கண்ணுக்கு நல்லது." நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் குழம்பை ஊற்றினார். சுமதி போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள்.

சாப்பிட்ட பிறகு கயல் உள்ளே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வெளியே கட்டிலில் மச்சானும் நானும்.

"மாப்ளே, தோட்டத்துப் பக்கம் போய்ட்டு பாப்பா வந்துச்சு இல்ல, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கினு இருந்தேன்" என்றார். "காலைத் தூக்கி வெக்கல. தேச்சித் தேச்சி வருது."

"அவளுக்குப் பழகாத வீடு மச்சான்."

"எனக்குப் பொறந்த வூடு. நானும் அப்படித்தான் நடந்தேன்."

அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். "நாளைக்கு மலையில நட்சத்திரம் காட்டப் போறேன் மச்சான், எல்லாம் பார்ப்பா" என்று மட்டும் சொன்னேன். "பார்த்தா நல்லதுதான மாப்ளே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பார்த்தா போன் பண்ணுங்க" என்றார்.

மறுநாள் கள்ளக்குறிச்சியில் பூரி தின்றோம். கிழங்கில் காரம் தூக்கல். கயல் தண்ணீராகக் குடித்துத் தீர்த்தாள். கச்சிராயபாளையம் போகிற பஸ் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அதுவும் ஒன்றல்ல, ரெண்டு டிரெய்லர் இழுத்துக்கொண்டு போகிற டிராக்டர். முந்தவும் முடியாது, திட்டினாலும் கேட்காது. கண்டக்டர் முக்காலியைப் பார்த்து, "நெலம் அளக்கறதுக்கா சார்?" என்றார். பஸ்ஸில் பேச்சு சட்டென்று நின்றது. மலைக்குப் போகிற பஸ்ஸில் அளக்க வந்தவன் என்று பெயர் வாங்குவது உடம்புக்கு நல்லதல்ல. "நட்சத்திரத்தைப் படம் எடுக்கறதுக்கு" என்றேன். அது அதைவிடப் பெரிய பொய்யாக அவர்களுக்குப் பட்டது.

மலைப் பாதையில் பாதி ஏறியதும் பஸ் இன்ஜின் சூடாகி நின்றது. எல்லோரும் இறங்கி மதகுச் சுவரில் உட்கார்ந்தோம். கயல் கீழே கைகாட்டி, கோமுகி அணையில் ஒரு பரிசல் போகிறது என்றாள். எனக்கு அது கடுகளவுகூடத் தெரியவில்லை. அவ்வளவு கூர்மையான கண். பகலில் பார்த்தால் இந்தப் பிள்ளைக்கு ஒரு குறை இருக்கிறது என்று சொல்கிறவனை உதைக்கத் தோன்றும். அந்தப் பரிசலை வைத்துக்கொண்டு அன்று மத்தியானம் முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.

பின்னால் வந்த ஜீப்பில் தொற்றி வெள்ளிமலை போனோம். ஜீப்காரர் ஊருக்குச் சற்றுத் தள்ளி, வடக்குப் பக்கம் மரமோ மறைப்போ இல்லாமல் சரிவாகத் திறந்து கிடந்த ஒரு வீட்டில் எங்களை இறக்கிவிட்டார். நம் பக்கத்தில் துருவ நட்சத்திரம் மிகத் தாழ்வாக இருக்கும். வடக்கே ஒரு தென்னை நின்றால்கூட என் படம் போச்சு. அந்த வீட்டுக்காரி சின்னப்பொண்ணு. புருஷன் குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தான். இவள் சாமை அறுத்துக் களத்தில் போட்டிருந்தாள். தங்க இடம் கொடுத்தாள், காய்ச்சின டீயும் கொடுத்தாள். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தையும் கயலிடம் பத்து வார்த்தையுமாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் முகம் கழுவிவிட்டு வரும்போது விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"பாப்பா, இவரு உனக்கு இன்னா ஆவணும்?"

"அப்பா."

"உங்கம்மா பேரு இன்னா? அம்மா ஏன் வரல?"

நான் சிரித்துக்கொண்டே என்ன விஷயம் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "தப்பா நெனச்சிக்காதீங்க. அமாவாச அன்னிக்கு மூணு காலு கட்டய எடுத்துக்கினு, ஒரு பொட்டப் புள்ளயக் கூட்டிக்கினு ஒரு ஆளு வந்தா ஊரு இன்னா நெனைக்கும்? புதையல் எடுக்கறவன்னுதான் நெனைக்கும். ஜீப்காரரே எனக்குக் கண்ணு காட்டிட்டுத்தான் போனாரு, பாத்துக்கோன்னு."

பிள்ளையைப் பலி கொடுக்க வந்தவன் என்கிறாள். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. என் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்ற யாரோ ஒருத்தி ராத்திரி முழுக்க விழித்திருக்கத் தயாராக இருந்தாள். அதற்கு எப்படிக் கோபப்படுவது? டவர் கிடைக்கிற பாறைக்கு எங்களை அவளே கூட்டிப் போனாள். சுமதியிடம் தானே போனில் பேசிய பிறகுதான் அவள் முகம் இளகியது. இரண்டு பெண்களும் என்னைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பிறகு போன் என் கைக்கு வந்தது. சுமதி படத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"பார்த்தாளா?" என்றாள்.

என் கணக்கு அவளுக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் ரெண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி நடித்திருக்கிறோம். "இன்னும் இருட்டலை" என்றேன்.

இருட்டியது. கூடவே மேகமும் வந்தது. அமாவாசை ராத்திரி, முக்காலி நிற்கிறது, வானம் கம்பளி போர்த்தியது போலக் கிடக்கிறது. ஒரு நட்சத்திரம்கூட இல்லை. சின்னப்பொண்ணு சந்தேகம் முழுசாகத் தீராதவளாக டார்ச்சோடு வந்து வந்து கயல் முகத்தில் அடித்துப் பார்த்துவிட்டுப் போனாள். மேகம் வந்ததற்காகச் சந்தோஷப்பட்ட நட்சத்திரப் படக்காரன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கேள்வியை ஒரு நாள் தள்ளிப்போட வானமே கைகொடுத்தது. நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல ஆசைதான். கயலின் கண் இமையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

விடிந்தால் வானம் துடைத்து வைத்ததுபோல நீலம். இதைவிடத் தெளிவான வானத்தை நான் எந்த மலையிலும் பார்த்ததில்லை. எந்த மலையிலும் இவ்வளவு வெறுத்ததும் இல்லை. காலையில் ஓடைக்குப் போனோம். கயல் பாறைக்குப் பாறை ஆட்டுக்குட்டி மாதிரி தாவினாள். இலை நிறத்தில் இருந்த ஓணானை இலைக்குள்ளிருந்து கண்டுபிடித்தாள். நான் அதையெல்லாம் சாட்சிக்குச் சேர்த்துக்கொண்டே நடந்தேன். பரிசல், ஓணான், தூரத்து மரத்தில் தேன்கூடு. எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி மச்சானின் குரல் மட்டும் கூடவே வந்தது.

மத்தியானம் புதுச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். சென்னையில் இதைச் சிறுதானிய உணவு என்று கண்ணாடி போட்ட கடையில் கிண்ணத்தில் விற்கிறார்கள், நோயாளிக்குக் கொடுக்கிற அளவில். இங்கே கரண்டி கரண்டியாக விழுந்தது. "ஊருக்குப் போனா இளைச்சிப் போய்ட்டாருன்னு உங்க வூட்டுக்காரம்மா என்னச் சொல்லக் கூடாது" என்றாள் சின்னப்பொண்ணு. இரண்டு நாளில் என்னை இளைக்க வைக்க அவளால் முடியாது. வேறு காரணம் போதும்.

பொழுது இறங்கியதும் மார்கழிக் குளிர் இறங்கியது. களத்துக்குப் பக்கத்துப் பாறையில் முக்காலியை ஊன்றினேன். வாசல் பல்பை அணைக்கச் சொன்னேன். விருந்தாளியை இருட்டில் உட்கார வைத்தால் ஊரில் தன் மானம் போகும் என்றாள் சின்னப்பொண்ணு. வெளிச்சம் பட்டால் படம் வெளுத்துவிடும் என்று விளக்கினேன். "அப்பிடின்னா நானும் வந்து உக்காந்துக்கறேன், பாப்பாவுக்குத் தொணையா" என்று பல்பை அணைத்துவிட்டு வந்தாள். வீட்டிலிருந்து பாறைக்குப் போகிற அந்தச் சின்னத் தூரத்தில் கயல் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். செருப்பு மண்ணைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. கேட்காத மாதிரி நடந்தேன்.

சாக்கை விரித்து மூவரும் உட்கார்ந்தோம். கயல் நடுவில். ஷட்டரைத் திறந்தேன். இனி ஒரு மணி நேரம் கேமராவுக்கும் எனக்கும் வேலையில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேல் கார்த்திகைக் கூட்டம், கிழக்கே எழுந்து வருகிற பெரிய நட்சத்திரங்கள், நடுவில் உப்பைக் கொட்டியது போல எண்ண முடியாமல் மற்றவை இறைந்து கிடந்தன. இதைப் பார்க்க முடியாத ஒரு கண் இருக்க முடியுமா என்று நினைத்தேன். இவ்வளவு இருக்கிறதே, ஒன்றாவது தெரியாமலா போகும்.

"கயல், மேல பாரு" என்றேன். குரல் சாதாரணமாக இருக்க வேண்டும் என்று காலையிலிருந்தே ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவள் தலையை நன்றாகப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியுதாடா?"

"தெரியுதுப்பா. நிறைய."

அழுகை வந்துவிட்டது எனக்கு. இருட்டு நல்லது, யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி இல்லை, ஈரல் இல்லை, ஒன்றும் இல்லை. இறங்கி வந்ததும் முதல் போன் மச்சானுக்கு என்று முடிவு செய்தேன். அதோடு விட்டிருக்கலாம். இன்னும் ஒரு வாய் கேட்க ஆசை.

"எப்படி இருக்கு, சொல்லு பார்க்கலாம்."

"உங்க போட்டோல இருக்கிற மாதிரியேதான்ப்பா. வட்டம் வட்டமா கோடு. நடுவுல மட்டும் ஒரு புள்ளி."

"கோடா?" என்றாள் சின்னப்பொண்ணு. "கோடு எங்க பாப்பா கீது, புள்ளி புள்ளியா..."

"கோடுதாம்மா" என்று நான் குறுக்கே சொன்னேன். "வட்டமாத்தான் இருக்கு."

சின்னப்பொண்ணு என் பக்கம் திரும்பியது தெரிந்தது. பிறகு கயலின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மேலே எதுவும் வட்டமாக ஓடவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் அசையாமல் நின்றன. அந்த வட்டங்களைப் பார்க்கக் கேமராவால்தான் முடியும், மனிதக் கண்ணால் முடியாது. கம்ப்யூட்டர் வேலை ஒன்றும் கிடையாது, வானத்தில் இருப்பதுதான் படத்தில் இருக்கிறது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் பெருமையடிப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவள். பிறந்ததிலிருந்து அவள் பார்த்த ராத்திரி வானம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது மட்டும்தான். என்னிடம் அதையே திருப்பிச் சொல்லிவிட்டாள்.

"சரியா சொன்னேனாப்பா?"

"சரியாச் சொன்னடா."

அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு, "அப்போ நான் ஏழுமலை மாமா மாதிரி இல்லைல்லப்பா?" என்று கேட்டாள்.

டிவி சத்தத்தைத் தாண்டி அன்றைக்கே எல்லாம் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு இரண்டு நாளாகப் பரிசலும் ஓணானும் தேன்கூடுமாக எனக்குக் காட்டிக்கொண்டே வந்திருக்கிறாள்.

"இல்லடா" என்றேன்.

அவள் உடம்பு லேசாகித் தளர்ந்தது. சின்னப்பொண்ணு முந்தானையை எடுத்து அவளுக்குப் போர்த்தினாள். குளிரில் மூவரும் அப்படியே இருந்தோம். நான் மேலே பார்க்கவில்லை.

கேமரா டக்கென்று மூடிக்கொண்டது.

"முடிஞ்சிருச்சாப்பா? வீட்டுக்குப் போலாமா?"

எழுந்தால் அந்த இருட்டில் வீடு வரைக்கும் அவள் நடக்க வேண்டும்.

"இன்னும் இல்லடா" என்றேன். "கொஞ்ச நேரம் உட்காரு."